திருஷ்டிப் பொம்மைக்குப் பக்கத்து நாற்காலி

குனிஞ்சு வாங்க அக்கா, நிலை தாழ்வு. தலை இடிச்சால் என்னைக் குறை சொல்லாதீங்க. இந்தக் கதவின் உயரத்தைப் பற்றி நான் அப்பவே ஆட்சேபம் தெரிவிச்சேன், யாரும் காதில் வாங்கலை. அந்தப் பலகையில் உட்காருங்க. உங்க கண்ணுக்கு நேரா ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அதோட மூடியைத் தள்ளிவிட்டுப் பார்க்கணும். நாம பறவையைப் பார்க்கலாம், பறவை நம்மைப் பார்க்க முடியாது. இந்தக் குடிலோட தத்துவமே அதுதான்.

அதோ, முக்குளிப்பான். தண்ணிக்கு நடுவில் பழுப்பா, பஞ்சு உருண்டை மாதிரி. அந்தப் பக்கம் கறுப்பா வெள்ளை நெத்தியோட நிக்கிறது எல்லாம் நாமக்கோழி. நல்ல சகுனம். சகுனம்னு நான் சொல்லக் கூடாது, நான் பகுத்தறிவு. நல்ல அறிகுறின்னு வச்சுக்குவோம்.

உங்களைப் பூங்கா வாசலில் இருந்து கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கூட்டிக்கிட்டு வந்தேனே, அதுக்கு ஒரு காரணம் இருக்கு அக்கா. நீங்க எனக்கு ஒரு சாட்சி சொல்லணும். பயப்படாதீங்க, கோர்ட்டு கேஸ் இல்லை. ஆனா எனக்கு அதைவிடப் பெரிசு.

என் பேர் ஆவுடைச்செல்வி. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல், கடைசி வருஷம். பட்டிமன்றத்தில் என்னை எந்த அணியில் போட்டாலும் எதிரணிக்குத் தண்ணி தவிக்கும். தற்பெருமை இல்லை, நடுவர் ஒருத்தர் மைக்கிலேயே சொன்னது. இந்தக் குடிலைக் கட்டின தொண்டர்களில் நானும் ஒருத்தி. குழி தோண்டினேன், மூங்கில் சுமந்தேன், பனையோலையை வரிஞ்சு கட்டிக் கட்டி இந்த ரெண்டு விரலிலும் தோல் உரிஞ்சு போச்சு. அப்படிப்பட்ட எனக்கு இதுக்குள்ள உட்கார இடம் கிடையாது. நம்ப முடியுதா உங்களால்? வீடு கட்டினவளை வாசலில் நிறுத்தின கதை.

வர்ற ஞாயித்துக்கிழமை இங்கே பறவைக் கணக்கெடுப்பு. குளம் வத்திக்கிட்டே வருது, பார்த்தாலே தெரியும். கணக்கெடுப்பு முடிஞ்சதும் குடிலைப் பூட்டிடுவாங்க, இனி அடுத்த மழைக்குத்தான் திறப்பாங்க. அப்போ நான் எந்த ஊரில் எந்த வேலையில் இருப்பேனோ. கணக்கெடுப்பு அன்னைக்கு உள்ளே ரெண்டு பேர்தான் உட்காரலாம். ஒரு இடம் ரஹீமாவுக்கு. இன்னொரு இடத்துக்குத்தான் சண்டை.

எனக்கு ஏன் இவ்வளவு ஆசைன்னு கேளுங்க. கேட்கலைன்னாலும் சொல்றேன். இந்தக் குளத்தில் மயில் உள்ளான்னு ஒரு பறவை இருக்கு. காடையை விடக் கொஞ்சம் பெரிசு, நீள மூக்கு. அந்த இனத்தில் பொண்ணுதான் அழகு. கழுத்தெல்லாம் கருஞ்சிவப்பு, கண்ணைச் சுத்தி வெள்ளையா மை தீட்டின மாதிரி. ஆம்பளை மங்கல். பொண்ணு முட்டையைப் போட்டுட்டு அடுத்த ஜோலியைப் பார்க்கக் கிளம்பிடும். அடைகாக்கிறது, குஞ்சைக் கூட்டிக்கிட்டு அலையறது எல்லாம் அப்பன்காரன் பாடு. இதை நான் மேடையில் சொல்லாத பட்டிமன்றம் இல்லை. "வீட்டு வேலை பெண்ணுக்கு இயற்கை விதித்ததா?" அப்படின்னு ஒரு தலைப்பு. இந்த ஒரு பறவையை வச்சே எதிரணியைப் படுக்க வச்சேன். அப்போ அவங்க பக்கத்தில் ஒருத்தன் எழுந்து, "தோழி அந்தப் பறவையைப் பார்த்திருக்காங்களா?"ன்னு கேட்டான். பூமி சுத்துறதை நீங்க பார்த்திருக்கீங்களான்னு திருப்பிக் கேட்டேன். கூரை பிய்ஞ்சு போற மாதிரி கைதட்டல். ஆனா அக்கா, மேடையை விட்டு இறங்கினதில் இருந்து உறுத்துது. நான் பார்த்ததில்லை. இன்னைக்கு வரைக்கும் பார்த்ததில்லை.

அந்த முக்குளிப்பான் எங்கே? மூழ்கியிருக்கும். அதோட குணமே அதுதான், வரும்.

எங்க குழுவுக்குத் தலைவர் ஜெபராஜ் அண்ணாச்சி. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா ஆராதனை முடிஞ்ச கையோட நேரா இங்கே வந்துடுவார். சர்ச்சில் பேசுற குரலிலேயே இங்கேயும் பேசுவார், பக்கத்தில் நிக்கிறவருக்கே கேட்காது. ரஹீமா விலங்கியல் படிக்கிறா, விடுதியில் என் அறைத்தோழி. அவ அமாவாசைக்கு ஒரு வார்த்தை பேசுவா. கட்டட வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்லா, அதுக்கு இசக்கிமுத்து கொத்தனார். கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போதும்னு வந்தவர். நல்ல மனுஷன். ஆனா பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். என் மாதிரி கொள்கைப் பிடிப்பு இல்லை அது, வெறும் பிடிவாதம்.

முதல் தகராறு கதவில் ஆரம்பிச்சது. கொத்தனார் வாசல் கிழக்கேதான் இருக்கணும்னார், அதுதான் வாஸ்து. நான் விடுவேனா? பொது இடத்தில் வாஸ்து எப்படி நுழையலாம், இது அரசாங்கப் பூங்கா, இங்கே எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க, மதமே இல்லாதவங்களும் வருவாங்கன்னு ஆரம்பிச்சேன். திசைக்குப் புனிதம் கற்பிச்ச வரலாறு, சேரி ஏன் எப்பவும் ஒரே திசையில் இருக்குங்கிற சமூகவியல், எல்லாம் சொன்னேன். வெயில் ஏறிடுச்சு. குழிக்குப் பக்கத்தில் கடப்பாரையை ஊன்றிக்கிட்டு அத்தனை பேரும் நின்னாங்க. கொத்தனார் பீடியைப் பத்த வச்சுக்கிட்டு, "நீ சொல்லுதது எல்லாம் சரிதாம் தாயி, வாசல் கிழக்கதாம்"னார். நான் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிச்சேன். அப்போ ரஹீமா மெதுவா, "தண்ணி கிழக்கலா இருக்கு. கதவைத் திறந்தா பறவை எல்லாம் பறந்திருமே அண்ணே"ன்னா.

அவ்வளவுதான். கொத்தனார் "அதுவும் சரிதாம்"னு சொல்லிட்டு மேற்கே குழி தோண்டப் போயிட்டார். ஜெபராஜ் அண்ணாச்சி ரஹீமாவைப் பார்த்துச் சிரிச்சார். இது எப்படி இருக்கு? காலையில் இருந்து உழுது பண்படுத்தினது யாரு? அவ வந்து ஒரு விதையைப் போட்டுட்டு அறுவடையும் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. நான் அவ்வளவு நேரம் பேசி அவர் மனசைத் தளர்த்தி வச்சிருக்கலைன்னா அந்த ஒரு வரி எடுபட்டிருக்குமா? நீங்களே சொல்லுங்க.

என்ன அக்கா, உதட்டில் விரலை வச்சுக்கிட்டே இருக்கீங்க, பல் வலியா? கிராம்பு ஒண்ணு கடிச்சுக்குங்க, சரியாகிடும்.

சரி, கதவு போச்சு. அடுத்தது பொம்மை. சுவருக்குத் தட்டி வச்சு, கூரைக்கு ஓலை ஏத்துற சமயம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா, தண்ணிப் பக்கத்துச் சாரத்தில் ஒரு ஆள் தொங்குறான். பதறி ஓடினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தா திருஷ்டிப் பொம்மை. கட்டடம் கட்டுற இடத்தில் எல்லாம் கட்டுவாங்கல்ல, வைக்கோலைத் திணிச்சு, பழைய சட்டை மாட்டி, பானையைத் தலையா வச்சு, முறுக்கு மீசையும் தொங்குற நாக்கும் வரைஞ்சு, அதேதான். ஏன் இங்கேன்னு கேட்டேன். முகப்பு எதுவோ அங்கதான் கட்டணும், குடிலுக்கு முகப்பு தண்ணிப் பக்கம், கதவைத்தான் நீ அங்க வைக்க விடலை, பொம்மையாவது இருக்கட்டும்னார். அந்தப் பக்கம் யார் வந்து கண்ணு போடப் போறாங்க, கொக்கா, நாரையான்னு கேட்டேன். அதுக்குக் கொத்தனார் சொன்னதைக் கேளுங்க.

"நீங்க ஓட்ட வழியா அதுகள உத்து உத்துப் பாக்கேய. அதுக மட்டும் உங்களப் பாத்துப் பொறாமப்படாதாக்கும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. எனக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. ஒரு மூடநம்பிக்கையைச் சிரிச்சே வளர்த்துடுறதுதான் நம்ம ஊர்ப் பழக்கம். வாராவாரம் பேசினேன் அக்கா. ஓலை சுமந்துக்கிட்டே பேசினேன், கயிறு முறுக்கிக்கிட்டே பேசினேன், மதியச் சோறு தின்னுக்கிட்டே பேசினேன். கண்ணேறுங்கிறது சொத்து இருக்கிறவனோட பயம், பொதுச் சொத்துக்கு எப்படிக் கண்ணு படும், அதைப் பார்க்கத்தானே எல்லாரையும் கூப்பிடுறோம்னு கேட்டேன். இது நல்ல வாதம், நீங்களே ஒத்துக்குவீங்க. கொத்தனார் அசையலை. நான் ஒரு நாள் ஏணி போட்டு ஏறி அதை அவிழ்க்கப் போனேன், அவர் ஏணியை அடியில் பிடிச்சுக்கிட்டு, "பாத்து இறங்கு தாயி, நீ விழுந்தா பொம்மை பலிக்கலேம்பாவ"ங்கிறார்.

குடில் முடிஞ்சது. திறப்பு விழாவும் ஆச்சு. பறவை ஒண்ணும் கிட்ட வரலை. அத்தனையும் அந்தக் கரையோடு நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. வந்தவங்க எல்லாம் ஓட்டை வழியா வெறும் தண்ணியைப் பார்த்துட்டுப் போனாங்க. ஜெபராஜ் அண்ணாச்சி முகம் வாடிப் போச்சு. நான் மூடநம்பிக்கையின் விளைவுகள்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, ரஹீமா சொன்னா: "அண்ணாச்சி, அது சோளக்கொல்லைப் பொம்மை மாதிரிலா இருக்கு? பறவைய விரட்டத்தான அத வைப்பாவ?"

 கொத்தனார்தான் முதலில் சிரிச்சார், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அவரே ஏறி அவிழ்த்தார். பறவை பார்க்கிற குடிலுக்கு முன்னாடி இத்தனை மாசமா பறவை விரட்டுற பொம்மையைத் தொங்க விட்டிருக்கோம். படிச்சவங்க எத்தனை பேர் இருந்தோம் அதில்! எனக்கு அது தோணாமல் போனது ஏன் தெரியுமா? நான் பிரச்சினையைக் கொள்கை அளவில் பார்த்தேன். ரஹீமா வைக்கோல் அளவில் பார்த்தா. அதுதான் வித்தியாசம்.

பாருங்க, நாமக்கோழி எல்லாம் எழுந்து போகுது. காத்து மாறிடுச்சு போல.

பொம்மை போனதும் பறவை வந்ததுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. வர்றவங்களுக்குப் பறவையைக் காட்ட ஆளுக்கு ஒரு முறை வச்சு உள்ளே உட்கார்ந்தோம். ரஹீமா முறையில் வந்தது. அண்ணாச்சி முறையில் நாரை வந்தது, அரிவாள்மூக்கன் வந்தது, ஒரு தடவை கூழைக்கடா கூட்டமே இறங்கிச்சாம். ரஹீமா மயில் உள்ளானையே பார்த்துட்டா! அதோ அந்தக் கோரை ஓரத்தில். அறைக்கு வந்து, "பாத்தேன் ஆவுடை"ன்னா. எப்படி இருந்ததுன்னு கேட்டா, "நல்லா இருந்துச்சு"ங்கிறா. அவ்வளவுதானா? என் கையில் அது கிடைச்சிருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

என் முறையில் மட்டும் ஒரு காக்காகூட வராது. நான் என்ன செய்யலை? மஞ்சள் சுடிதார் உறுத்துமோன்னு பாசிப்பச்சையில் ஒண்ணு தைச்சுக்கிட்டேன். பவுடர் போடுறதை விட்டேன். ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்தாங்க. பறவைக்கு அமைதி எவ்வளவு முக்கியம், சத்தம் போடுறது எப்படி ஒரு வன்முறைன்னு அரை மணி நேரம் விளக்கினேன். அன்னைக்கும் வரலை. பிள்ளைங்க ஏதாவது சத்தம் போட்டிருக்கும்.

அப்புறம் அந்தக் குடும்பம். புருஷன், பொண்டாட்டி, கொழுந்தியா. வந்தவங்களைச் சும்மா அனுப்பக் கூடாதேன்னு மயில் உள்ளானைப் பத்திச் சொன்னேன். அந்த மனுஷன், "பறவைக்கு அப்படி இருக்கலாம்மா, மனுஷனுக்கு வேற"ங்கிறார். மனுஷனுக்கு எப்படி வேறன்னு கேட்டேன். ஒரு கேள்விதான் கேட்டேன் அக்கா, சத்தியமா. அவர் ஒண்ணு சொன்னார், நான் ஒண்ணு சொன்னேன். அவர் வீட்டுக்கார அக்கா என் பக்கம் சேர்ந்துக்கிட்டு, அவர் ஒரு தடவைகூட குழந்தையைக் குளிப்பாட்டினது இல்லைங்கிற விஷயத்தை எடுத்து விட்டாங்க. கொழுந்தியா மச்சான் பக்கம் போயிடுச்சு. நல்ல சூடு பிடிச்ச நேரத்தில் ஜெபராஜ் அண்ணாச்சி கதவைத் திறந்துக்கிட்டு வர்றார், மூச்சு வாங்குது. கரையில் இருந்து ஓடி வந்திருக்கார். அந்தக் குடும்பத்தை வழியனுப்பி வச்சார். அப்புறம்தான் சொன்னார்.

"கரை வரைக்கும் கேட்டுதும்மா. பறவைக்கும் காது உண்டும்மா."

நான் கேட்டேன், ஆம்பளை மேடையில் முழங்கினா கணீர்க்குரல், பொம்பளை பேசினா சத்தமா? அவர் அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்துட்டார். வரவேற்புப் பொறுப்பாளர். பூங்கா வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு நாற்காலி. வர்றவங்களுக்கு விவரம் சொல்லணும், பாலிதீன் பை கொண்டு வந்தா வாங்கி வைக்கணும், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். குடில் அங்கே இருந்து எவ்வளவு தூரம்னு நடந்து வந்தீங்களே, தெரியும்.

அதைவிடக் கொடுமை, கொத்தனார் அந்தப் பொம்மையைக் கொண்டு வந்து அதே வேப்ப மரத்தில் கட்டியிருக்கார். செஞ்ச பொம்மையை வீணாக்கக் கூடாதாம், வாசலில் இருந்தா பூங்காவுக்கே காவலாம். வரும்போது பார்த்தீங்கல்ல? அதுக்கு நேர் கீழேதான் என் நாற்காலி. காத்தடிச்சா அதோட கால் என் தலையில் இடிக்கும். கொத்தனார் போகும்போதும் வரும்போதும், "ரெண்டு பேரும் நல்லாப் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறார். பொம்மைக்கு ஆகாத இடம்னு இங்கே இருந்து அங்கே மாத்தினாங்க, சரி. என்னை எதுக்காக மாத்தணும்? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எவ்வளவு யோசிச்சும் எனக்கு விளங்கலை.

போன வாரம் அண்ணாச்சியை மடக்கினேன். ஞாயித்துக்கிழமை எனக்கு உள்ளே இடம் வேணும், இல்லைன்னா காரணத்தை ஆதாரத்தோட நிரூபிங்கன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைச்சார். அப்புறம் சொன்னார்: "நீ உள்ள இருக்கும்போது ஒரே ஒரு பறவை கிட்ட வந்துச்சுன்னு, நம்ம குழுவுல இல்லாத ஆள் ஒருத்தர் எங்கிட்ட வந்து சொல்லட்டும். இடம் உனக்கு." கொத்தனார் பக்கத்தில் நின்னு கேட்டுட்டு, "அதுக்குள்ள அடுத்த மழை வந்துரும்"னார்.

இன்னைக்கு ரஹீமாவுக்கு ஆய்வகத் தேர்வு. குடில் காலி. தனியா, பைனாகுலரோட நீங்க வந்து இறங்கினீங்க. இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? பொழுது சாயப் போகுது, மயில் உள்ளான் வெளியே வர்ற நேரமே இதுதான். இன்னைக்கு விட்டா எனக்கு நாளே இல்லை அக்கா.

என்ன, ஒண்ணுமே இல்லையா? நாம வரும்போது முக்குளிப்பான் இருந்ததே. இவ்வளவு நேரமா மூச்சடக்கும்? அந்தக் கொக்குகூடப் போயிடுச்சா? ஏன் அக்கா என்னை இப்படிப் பார்க்கிறீங்க? நீங்களும் நான்தான் காரணம்னு நினைக்கிறீங்களா? அப்படின்னா ஒண்ணு கேட்கிறேன். தவளை கத்துது, அதுக்குப் பறவை பறக்குதா? பக்கத்து வயலில் டிராக்டர் ஓடுது, அதுக்குப் பறக்குதா? அப்போ ஒரு பெண் தன் நியாயத்தைச் சொன்னா மட்டும்...

கமர்கட்டா? எனக்கா? ஐயோ, சின்ன வயசில் தின்னது. இவ்வளவு பெரிசாவா விக்கிறாங்க? நன்றி அக்கா. கன்னத்தில் ஒதுக்கிக்கிட்டே பேசுவேன், எனக்குப் பழக்கம்தான். என்ன சொன்னேன்... நியாயம். நியாயம்னு வந்துட்டா இந்தச் சமூகம்... ம்... இந்தச் சமூ... பல்லோட...

ம்.

ம்ம்.

...

போயிடுச்சு. கோரைக்குள்ள போயிடுச்சு. பார்த்தீங்கல்ல அக்கா? பார்த்தீங்கல்ல?

நான் முதலில் மண்ணாங்கட்டின்னு நினைச்சேன். அந்த முக்குளிப்பான் திரும்பி வந்து நம்ம முன்னாடியே தலையை நீட்டிச்சு, அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்போ கோரை ஓரத்து மண்ணாங்கட்டி நடந்தது. நீள மூக்கு. முதுகில் வெளிர் மஞ்சள் கோடு. மங்கலா, ஒரு நிறமும் இல்லாமல். ஆம்பளை. பின்னாடியே குஞ்சுங்க. தீக்குச்சி மாதிரிக் கால், அதுக்கு மேல ஒரு துளி பஞ்சு. கடைசிக் குஞ்சு எருமைக் குளம்புக் குழியில் விழுந்து ஏற முடியாமல் கிடந்ததே, அப்போ அந்த அப்பன்காரன் என்ன பண்ணிச்சு? திரும்பி வந்து குழிக்குப் பக்கத்தில் நின்னது. கத்தலை, கொத்தலை, அவசரப்படுத்தலை. அது ஏறி வர்ற வரைக்கும் சும்மா நின்னது.

மேடையில் நான் சொன்ன ஒரு வாதம்கூட எனக்கு அப்போ ஞாபகம் வரலை அக்கா.

எப்படி இருந்ததுன்னு ரஹீமா கேட்பா. நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லணும் போல.

எழுந்திருங்க, இருட்டுறதுக்குள்ள அண்ணாச்சியைப் பிடிச்சுடலாம், ஆபீஸ் விட்டு வந்து கரையிலதான் இருப்பார். காத்து திரும்பினதுதான் காரணம்னு சொல்லுங்க, நான் முன்னாடியே சொன்னேன்ல காத்துன்னு. மயில் உள்ளான், ஆம்பளை, குஞ்சுகளோட, இந்த ஓட்டைக்கு நேரா, ஆவுடைச்செல்வி உள்ளே இருக்கும்போது. அதை மட்டும் சொன்னா போதும். நான் அவ்வளவு நேரம் வாயைத் திறக்கலைன்னு தப்பித் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. உள்ளானை நம்பிடுவாங்க. அதை யாரும் நம்ப மாட்டாங்க. மொத்தச் சாட்சியும் பொய்யாகிடும்.

நிலை தாழ்வு அக்கா, குனிஞ்சு.

ஆமா, அந்தக் கமர்கட் எந்தக் கடையில் வாங்கினீங்க? பஸ் ஸ்டாண்டிலா? இன்னும் இருந்தா கொஞ்சம் கொடுத்துட்டுப் போங்களேன். இல்லை, இப்போ வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்கு. ருசிக்காகத்தான்.